முயலுக்கு ஏன் ஒரே காது?

1

"அண்ணி! கதவைத் திறங்க அண்ணி!"

மருமகள் திறக்கவில்லை. முயலின் இடது காதைப் பிடித்தாள். திருகினாள். டக்! காது கையோடு வந்தது. கிண்ணத்தில் போட்டுவிட்டு அடுத்த முயலை இழுத்தாள். டக்! வெளியே கொழுந்தன் தோளால் கதவை இடித்துக்கொண்டிருந்தான். தாழ்ப்பாளோ கல்யாண வயது தாண்டிய தாழ்ப்பாள். அது கழன்று விழுவதற்குள் மேசையில் மிச்சமிருக்கும் முயல்கள் எல்லாம் ஒற்றைக் காதோடு நின்றாக வேண்டும். எப்படி ஒற்றைக் காதானது என்பதை யாரும் பார்க்கக் கூடாது. மாமியாரின் உத்தரவு.

(இளகிய மனம் கொண்டவர்கள் பதற வேண்டாம். சாக்லேட் முயல்கள்தாம். இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருப்பீர்களா?)

சரி, இந்தக் கதை பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வாரப் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

"ஈஸ்டர் சிறப்பிதழ் சார். முட்டைக்கு வர்ணம் பூசுறாங்க, முயல் முட்டை கொண்டு வருதுங்கிறாங்க. இதுக்கெல்லாம் மூலம் என்னன்னு ஒரு கட்டுரை வேணும்."

"நான் கட்டுரை எழுதுற ஆள் இல்லையே சார். எனக்குத் தெரிஞ்சது துப்பாக்கி, துரத்தல்."

"அப்ப கதையா எழுதுங்க. விஷயமும் இருக்கட்டும், விறுவிறுப்பும் இருக்கட்டும். முதல் பாராவுல யாராவது கதவைத் தட்டணும். உங்க வாசகர்களுக்கு அது இல்லாட்டி ஜீரணம் ஆகாது."

தட்டியாயிற்று. இனி விஷயம்.

2

இது நான்காவது தொடக்கம். தூக்கியெறிந்த மூன்றும் இன்னும் காலடியில் கிடக்கின்றன. நீங்களே பாருங்கள்.

‘விடியற்காலை. தோட்டத்தில் கல்லறை. அதை மூடியிருந்த கல் மெல்ல நகர்ந்...’

(நிறுத்தினேன். அந்தக் காட்சியை என்னைவிடப் பெரியவர்கள் எழுதிவிட்டார்கள். அதில் நான் பேனா வைத்தால் வீட்டிலேயே சோறு கிடைக்காது.)

‘இரத்தச் சிவப்பில் ஒரு முட்டை! இன்ஸ்பெக்டர் அதைக் கைக்குட்டையால் எடுத்து...’

(எடுத்து என்ன செய்வார்? உரிப்பார். வேண்டாம்.)

‘முயல் ஒரு பாலூட்டி. அது முட்டையிடுவதில்லை.’

(இந்த வரியில் எனக்கே கொட்டாவி வந்தது.)

ஆனாலும் ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்தபடி கொஞ்சம் விஷயத்தை இங்கே இறக்கிவிடுகிறேன். கதைதான் வேண்டும் என்பவர்கள் அடுத்த எண்ணுக்குத் தாவலாம். தாவியதை நான் பார்க்க மாட்டேன்.

முட்டையின் கதை எளிது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாளும் தவக்காலம். பழைய காலத்தில் பல நாடுகளில் அந்த நாட்களில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. மனிதர்கள் நோன்பிருந்தார்கள், கோழிகளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அவை பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டே இருந்தன. நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு வீடு முட்டை மலை. நோன்பு முடிந்த காலையில் அதைத் தின்னாமல் வேறென்ன செய்வார்கள்? மூடிய ஓடு, உள்ளே உயிர் என்று அதற்கு அர்த்தமும் பொருந்தி வந்தது. சிவப்புப் பூசினால் சிந்திய இரத்தம் என்றார்கள். முட்டை முன்னால் வந்ததா, அர்த்தம் முன்னால் வந்ததா என்று கேட்காதீர்கள். கோழியையே அந்தக் கேள்வி கேட்டு அலுத்துவிட்டோம்.

முயல்தான் தகராறு. முயல் முட்டை கொண்டுவரும் என்று நம்பிய வட்டாரங்கள் சில நூற்றாண்டுகளாகவே இருந்திருக்கின்றன. அதைப் பற்றிய பழைய குறிப்புகளில் ஒன்றை ஒரு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். எதற்காக? பண்டிகைக்கு அளவில்லாமல் முட்டை தின்றால் வயிறு கெடும் என்று எச்சரிப்பதற்காக. அவருடைய எச்சரிக்கையை எல்லோரும் மறந்தார்கள். முயலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது நம்மிடம் ஏற்கெனவே உண்டு. ஒற்றைக் காது முயல்தான் புதிது. அதற்கு வருகிறேன்.

3

கடை மாமியாருடையது. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் பட்டறை. அதாவது சாக்லேட்டை உருக்கும் அடுப்பு, பளிங்குப் பலகை வைத்த மேசை, சுவரோரம் தகர அச்சுகள். வருடம் முழுக்க அந்தக் கடையில் எல்லாம் முழுசாகத்தான் விற்கும். ஈஸ்டருக்கு மட்டும் முயல், அதுவும் ஒரே காதுடன். அச்சில் இரண்டு காது உண்டு. பண்டிகைக்கு முந்தின நாள் காலை மாமியார் பட்டறைக்குள் போய்த் தாழ்போடுவார். திரும்பி வரும்போது எல்லா முயலுக்கும் இடது காது இருக்காது.

"ஏங்க இப்படி?" என்று கேட்டால் ஒரே பதில்: "காரணம் இல்லாம செய்வேனா?"

காரணம் சொல்லாவிட்டால் என்ன? ஊரே சொல்லிவிட்டது. இடது காதில்தான் சாத்தான் ஓதுவான் என்றார் எதிர்க்கடைத் தையல்காரர். குழந்தைகள் முதலில் கடிப்பது காதைத்தான், அதனால் சண்டை வராமலிருக்க முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள் என்றார் பல் மருத்துவர். பங்குச் சாமியார் ஒருபடி மேலே போனார். "பிள்ளைகளே, இரண்டு காது இருந்தால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவீர்கள். இந்த முயலால் அது முடியாது!" என்று பிரசங்கமே செய்தார். அந்த வருடம் முயல் சீக்கிரமே தீர்ந்துபோனது.

இந்த முறை முயல்களை வார்த்து முடித்ததும் மாமியார் படியில் வழுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு. அந்தக் கையால் காபிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாது. முதல் முறையாகப் பட்டறைச் சாவி மருமகள் கைக்கு வந்தது. ஒரே ஒரு காலைக்கு.

"இடது காது. கதவைச் சாத்திக்க. யாரையும் விடாதே."

"எதுக்கு அத்தை இடது காது?"

"முதல்ல உடை. அப்புறம் கேளு."

வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து மருமகளுக்குக் கொடுத்த வேலை பெட்டிக்கு ரிப்பன் கட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு பூ முடிச்சுப் போடுவாள். ஆனால் அவள் கண் எப்போதும் அந்தப் பட்டறைக் கதவின் மேல்தான். உருகும் சாக்லேட்டின் வாசனை கதவிடுக்கில் வரும்போதெல்லாம் ரிப்பனை அறுத்தெறியத் தோன்றும். அவளுக்குப் போட்டி கொழுந்தன். அவனுக்குப் பட்டறையே வேண்டாம். "தொழிற்சாலையில வாங்கி அடுக்கிட்டா போதும், அடுப்பு எதுக்கு?" என்பது அவன் கட்சி. அவன் கைக்குச் சாவி போனால் அடுப்பு அணையும். மருமகள் ஆயுசு முழுக்க யாரோ செய்த சாக்லேட்டுக்கு ரிப்பன் கட்டுவாள்.

(அவள் கணவன் எங்கே என்று கேட்கிறீர்களா? வாசலில். முயல் வாங்க வந்தவர்களின் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்கிறான். இந்தக் கதையில் அவனுக்கு அவ்வளவுதான் வேலை. நல்ல மனிதன், குறுக்கே வர மாட்டான்.)

4

கடைசி முயல். டக்! தாழ்ப்பாளும் கழன்றது. கொழுந்தன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தான்.

"என்ன தம்பி, மாடு மாதிரி முட்டிக்கிட்டு?"

"வானொலியிலேர்ந்து ஆள் வந்திருக்கு அண்ணி! ஒத்தைக் காது முயலைப் பத்திக் கேக்கணுமாம். நேரடி ஒலிபரப்பு!" எழுந்தவன் கண் கிண்ணத்தின் மேல் போனது. "இவ்வளவு காதா! ஒண்ணு எடுத்துக்கவா?"

"கையை எடுங்க. அத்தைகிட்டச் சொல்லிடுவேன்."

"அத்தை, அத்தைன்னு... காரணம் என்னன்னு உங்களுக்காவது சொன்னாங்களா?"

மருமகள் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தினாள். அவன் சிரித்தபடியே இரண்டு காதுகளை வாயில் போட்டுக்கொண்டான்.

பின்னாலேயே வானொலிப் பெண் வந்தாள், கையில் மைக். அவளுக்குப் பின்னால் மாவுக்கட்டுக் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி மாமியார்.

இங்கே ஒரு தடங்கல். என் பழக்கப்படி மாமியார் என்றால் கொடுமைக்காரி. போன தொடரில் ஒரு மாமியார் பாலில் விஷம் கலந்து எட்டு வாரம் ஓட்டினார். இவருக்கும் முறைக்கும் கண்ணும் கடுஞ்சொல்லும் எழுதிப் பார்த்தேன். ‘மாமியார் பற்களை நறநறவென்று...’ கடிக்கவில்லை. இந்த மனுஷி வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, முயல்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, கழுத்தோட போகாம காது மட்டும் போயிருக்கு," என்றார். எனக்கே பிடித்துப்போய்விட்டது. வில்லியாக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

"அம்மா, இந்த வழக்கம் எப்படி வந்துச்சு?" வானொலிப் பெண் மைக்கை நீட்டினாள்.

மாமியார் அதைத் தள்ளிவிட்டார். "எனக்குக் கை போச்சு. இனிமே இந்தப் பட்டறையை யாராவது ஒருத்தர் பார்க்கணும். இவங்க ரெண்டு பேரும் சொல்லட்டும். யாரு ஒழுங்கா சொல்றாங்களோ சாவி அவங்களுக்கு."

"யம்மா! நிஜமாவா?" என்றான் கொழுந்தன், வாயெல்லாம் காதாக.

 மருமகளுக்குத் தெரிந்த ஒரே காரணம், ‘இடது காது, கதவைச் சாத்திக்க’ என்பதுதான்.

5

இந்த இடத்தில் ஆசிரியர் மறுபடி போன் செய்தார். பாதிக் கதையை அனுப்பியிருந்தேன்; அது என் தப்பு.

"சார், முட்டை இருக்கு, முயல் இருக்கு, சாவி இருக்கு. பிணம் எங்க?"

"ஈஸ்டர் கதையில பிணமா? அந்தப் பண்டிகையோட விஷயமே பிணத்தைக் காணோம்கிறதுதானே சார்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அதையே மர்மமா வச்சு..."

"ஏற்கெனவே பைபிள்ல நாலு பேர் எழுதிட்டாங்க சார். நாலும் நல்லா ஓடுது."

போனை வைத்துவிட்டார். நாமும் பட்டறைக்குத் திரும்புவோம்.

6

கொழுந்தன் தொண்டையைச் செருமினான்.

"ஆதி காலத்துல வசந்தத்துக்குன்னு ஒரு தேவதை இருந்தாங்க. அவங்க குளிர்ல விறைச்சுக் கிடந்த ஒரு பறவையைப் பார்த்தாங்க. பாவம்னு அதை முயலா மாத்தினாங்க. பறவையா இருந்த பழக்கத்துல அந்த முயல் முட்டை போட்டுச்சு! அதான் ஈஸ்டர் முயல்."

"காது?" என்றாள் வானொலிப் பெண்.

"என்னது?"

"ஒரு காது ஏன் இல்லைன்னுதானே கேள்வி?"

"அது..." கொழுந்தன் மேலே பார்த்தான். கூரையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. "மாத்தும்போது... ஒரு காதுக்கு மட்டும் மந்திரம் பத்தலை."

வாசல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கொழுந்தனை முழுக்கக் குறை சொல்லக் கூடாது. இந்தத் தேவதைக் கதையைப் படித்தவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். அதன் வேரைத் தேடிப் போனால், ஆயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் ஒரு துறவி அந்தத் தேவதையின் பெயரைப் போகிற போக்கில் எழுதிய ஓரிரு வரிகள்தாம் கிடைக்கின்றன. அவர் முயலைப் பற்றி மூச்சுவிடவில்லை. முட்டையைப் பற்றியும் இல்லை. பறவை முயலானதெல்லாம் வெகு பிற்காலத்து ஒட்டு. ஓரிரு வரியில் இவ்வளவு பெரிய மரம் வளருமா என்று நீங்கள் கேட்கலாம். நான் தொடர்கதை எழுதுபவன். எனக்கு அது ஆச்சரியமே இல்லை.

7

"நீ சொல்லும்மா," என்றார் மாமியார்.

மைக் மருமகளின் முகத்துக்கு நேரே வந்தது. அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். தெரியாது என்று சொல்லிவிடலாமா? சொன்னால் ரிப்பன். ஆயுசுக்கும் ரிப்பன். மேசையில் முயல்கள் எல்லாம் மிச்சமிருக்கும் ஒற்றைக் காதை அவள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றன. என்னமோ கேட்கத் தயாராக இருப்பது மாதிரி.

"கல்லறை ஒரு தோட்டத்துல இருந்துச்சுங்க," என்று தொடங்கினாள். அடுத்த வரி அவளுக்குத் தெரியாது. சத்தியமாக எனக்கும் தெரியாது. "அந்தத் தோட்டத்துல ஒரு முயல் வளை தோண்டிக் குட்டி போட்டிருந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆளுங்க வந்து, பெரிய கல்லை உருட்டிக் கல்லறையை மூடிட்டுப் போயிட்டாங்க. அந்தக் கல்லு வளையோட வாசலையும் சேர்த்து அடைச்சிடுச்சு. தாய் முயல் வெளிய, குட்டிங்க உள்ள."

வாசல் வரிசை ஓரடி உள்ளே நகர்ந்தது.

"முயலால கல்லை நகர்த்த முடியுமா? இடது காதைக் கல்லுல வச்சுக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. குட்டிங்க சத்தம் கேக்குதான்னு. சனிக்கிழமை பூரா ஒண்ணும் கேக்கலை. எல்லாரும் அவ்வளவுதான்னு வீட்டுக்குப் போயிட்டாங்க. முயல் போகலை. ஞாயித்துக்கிழமை விடியும்போது கேட்டுச்சு. குட்டிங்க சத்தம் இல்லை. காலடிச் சத்தம். உள்ள யாரோ எழுந்து நடக்குற சத்தம்."

"ஐயோ," என்றாள் வானொலிப் பெண். 

"அந்தச் சேதியை முதல்ல கேட்டது அந்தக் காதுதான். கல்லு திடீர்னு உருண்டுச்சு. ஒட்டி வச்சிருந்த காது அதோட போயிடுச்சு."

"முயல் அழுதுச்சா?"

"எதுக்குங்க அழணும்? வாசல் திறந்தாச்சு, குட்டிங்க வந்தாச்சு. கேக்க வேண்டியதும் கேட்டாச்சு. இனிமே ஒரு காது போதும்னு போயிடுச்சு."

 வரிசையில் நின்ற எதிர்க்கடைத் தையல்காரர் மூக்கைச் சிந்தினார். கொழுந்தன்தான் சமாளித்துக்கொண்டு கேட்டான். "அதெல்லாம் சரி அண்ணி, முட்டை எங்கேர்ந்து வந்துச்சு? முயல் போட்டுச்சா?"

"முட்டை கோழி போட்டது தம்பி. நாப்பது நாள் யாரும் திங்கலை, குவிஞ்சு கிடந்துச்சு. சந்தோஷமா ஓடின முயல் போற வழியில ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்துச்சு. உங்களை மாதிரி கிண்ணத்தோட முழுங்கலை."

வரிசை ஓவென்று சிரித்தது. மருமகள் மட்டும் சிரிக்காமல் மாமியாரைப் பார்த்தாள். சொன்னது முழுக்கப் புளுகு. நிஜம் தெரிந்த ஒரே ஆள் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொல் போதும். நேரடி ஒலிபரப்பில் மானம் கப்பலேறிவிடும்.

மாமியாரின் கண் கலங்கியிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கி, மாவுக்கட்டால் நெற்றியில் இடித்துக்கொண்டார்.

"எல்லாரும் வெளிய போங்க. இவ மட்டும் இருக்கட்டும்."

8

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் இல்லாததால் மருமகளே முதுகை வைத்து அடைத்துக்கொண்டாள். நானும் வெளியே. இவ்வளவு நேரம் அவள் நெஞ்சுக்குள் குடியிருந்தவனை வாடகைக்காரனைப் போலக் காலி செய்துவிட்டாள்.

அதனால் முடிவுகளை வெளியே நின்றபடியே யோசித்தேன்.

ஆசிரியருக்கான முடிவு: உள்ளே ஓர் அலறல்! கதவை உடைத்துப் பார்த்தால் தரையில்... (முயல்தான் உடைந்து கிடக்கிறது. இதற்கு மேல் எனக்கு மனம் வரவில்லை.)

குடும்பப் பெண்களுக்கான முடிவு: மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (மாவுக்கட்டோடு கட்டிக்கொள்வது சிரமம்.)

சாமியாருக்கான முடிவு: மருமகள் பொய்யை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். (அவள் கேட்க மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்.)

நடந்தது இவ்வளவுதான். கதவு திறந்தது. மருமகள் வெளியே வந்தாள். சாவி அவள் கையில். முகத்தில் சிரிப்பா, அதிர்ச்சியா என்று சொல்ல முடியாத ஒன்று. கொழுந்தன், "யம்மா, அப்ப அந்தக் கதைதான் நிஜமா?" என்று கத்தினான்.  வானொலிப் பெண் மைக்கை அணைக்காமலே மருமகளிடம் ஓடினாள். "உள்ள என்ன சொன்னாங்க? ஒரே ஒரு வரி, எங்க நேயர்களுக்காக!"

மருமகள் மைக்கைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். அத்தனை பேரும் முயலைப் போலக் காதை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் மூச்சை இழுத்தாள்.

அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நிஜத்தையா, முயலின் கதையையா? எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம். ஆனால் தெரியாமல் முடிவு செய்யச் சொல்வது நியாயமில்லை. ஆகவே கதவுக்குப் பின்னால் மாமியார் தணிந்த குரலில் சொன்னதை அப்படியே தந்துவிடுகிறேன்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். நீ சொன்னே. இந்தா, பிடி சாவியை. இப்ப நிஜத்தைக் கேளு. நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் அச்சையெல்லாம் கழுவிட்டு, துடைக்காம இடது பக்கமா சாய்ச்சு வச்சுட்டேன். தண்ணி பூரா அந்தக் காதுக்குள்ள தேங்கிடுச்சு. தெரியாம சாக்லேட்டை ஊத்திட்டேன். இறுகினதும் தட்டி எடுத்தா ஒரு முயலுக்கும் இடது காது வரலை. நிமிர்ந்து பார்த்தா எங்க மாமியார் நிக்கிறாங்க. ‘என்னடி இது?’ன்னாங்க. இனிமே பட்டறைக்குள்ள விட மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. ‘எங்க அம்மா வீட்டுல தலைமுறை தலைமுறையா இப்படித்தான் அத்தை’ன்னுட்டேன். பெரிய இடத்துச் சம்பிரதாயம் போலன்னு நினைச்சு அவங்களும் வாயை மூடிக்கிட்டாங்க. அடுத்த வருஷம் அச்சு நல்லா காஞ்சிருந்துச்சு, ரெண்டு காதும் ஜம்முனு வந்து நின்னுச்சு. விட முடியுமா? கதவைச் சாத்திக்கிட்டு நானே உடைச்சேன். இன்னைக்கு வரைக்கும் உடைக்கிறேன். எங்க அம்மா வீட்டுல ஈஸ்டரே கிடையாதும்மா."